ஃபாரஸ்ட் கேட்டில் சிங்கம் பார்க்கக் கண்ணாடி

பைனாகுலர் விற்கிறவனுக்கு வேண்டியது இரண்டு: நல்ல கண், ஆறின குணம். எனக்குக் கண் நல்ல கண். கவுண்டருக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்த அனுபவம் உள்ள சகோதரங்களே, மிச்சத்தை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

பலகையோடு வந்த ஆபிரிக்கா

எண்பதுகளின் நடுவில், பெட்ரோல் ஷெட்டிலும் கோழிப்பொரியல் கடையிலும் அடிபட்டு முடித்து, கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை எடுத்தேன். கமெரா, மணிக்கூடு, ரேடியோ. மேற்கு லண்டனில் மூடின ஒரு பழைய கடையின் சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். ஏலக்காரனோடு மல்லுக்கட்டி விலையை விழுத்தி, காசு கொடுக்கிற நேரத்தில் "அந்தப் பெயர்ப்பலகையையும் சேர்த்துப் போடு" என்று அதையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பெட்டிகளைத் திறந்தால் முழுக்கப் பைனாகுலர். பலகையில் தங்க எழுத்து: ஆபிரிக்க வேட்டைப் பயணத்துக்கான சாமான்கள், நிபுணர் ஆலோசனையுடன்.

சும்மா வந்ததை எறிய எனக்கு மனம் வராது. கடை ஜன்னலில் மாட்டினேன். நிபுணர் நான்தான். ஆபிரிக்காவை நான் வரைபடத்தில் பார்த்ததோடு சரி. எதிர்ப்பக்கத்தில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் சிவம் ரோட்டைக் கடந்து வந்து, பலகையை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணை, யானைக்குத் தீன் போடுறதெண்டால் என்னட்டை அழுகின வாழைப்பழம் கிடக்கு, கொண்டரட்டோ?"

டையால் துடைத்தவர்

பலகையை நம்பி முதலில் வந்தவர் ஒரு வங்கி மனேஜர். ஒவ்வொரு பைனாகுலராக எடுப்பார், கண்ணாடியில் 'ஹா' என்று ஊதுவார், தன் டையின் நுனியால் தேய்ப்பார், பார்ப்பார், வைப்பார், அடுத்ததை எடுப்பார். காலையில் சாப்பிட்ட முட்டை அந்த டையில் இருந்தது. அந்தக் கண்ணாடிக்கு மேலே மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. முரட்டுத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். நான் பொறுத்தேன். ஐந்தாவதை ஊதும்போது, "ஐயா, இது கண்ணாடி, சூப் இல்லை!" என்று கத்தினேன். அவர் போன வேகத்தில் கதவு மணி கழன்று விழுந்தது.

பின்னறையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்த என் மனைவி பவளம் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். விலை பேசாமல் எனக்கு ஒரு நாள் போகாது, பின்னறை எனக்கு ஜெயில் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கழன்ற மணியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இனி ஒரு ஆளோடை இந்தக் கடைக்குள்ளை சண்டை பிடிச்சியள் எண்டால், கவுண்டர் எனக்கு, பார்சல் உங்களுக்கு."

முருங்கைக்காய் தெரிகிறது

சண்டை பிடிக்காமல் விற்பதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பைனாகுலரைக் கையில் கொடுத்து, ரோட்டைப் பார்க்க விட்டால் நான் கதைக்கத் தேவையில்லை, சாமான் கதைக்கும். அப்படித்தான் மனோர் பார்க்கிலிருந்து வந்த ஒரு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவவின் தங்கச்சி மகன் தன்னோடு வேலை செய்கிற ஆட்களோடு சிம்பாப்வேக்கு வேட்டை பார்க்கப் போகிறானாம், அவனுக்கு ஒரு பரிசு வேண்டுமாம்.

இருபது மடங்கு கிட்டக் காட்டுவதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தா. "அம்மா, அது கை நடுங்கினால் உலகமே நடுங்கும். மரத்திலை முட்டுக்குடுத்துத்தான் பாக்கவேணும். எட்டு மடங்கு போதும்" என்று தேன் போலச் சொன்னேன். எட்டைக் கொடுத்தேன். அவ ரோட்டுக்கு அந்தப் பக்கம் கனநேரம் பார்த்தா. வலது கண்ணுக்குத் திருகினா, திரும்பவும் பார்த்தா. நான் பெட்டியை மூடி, றிப்பன் கட்டி முடித்தேன். அவ பைனாகுலரை என் கையில் தந்துவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினா: "நல்ல சாமான் தம்பி. சிவத்தின்ரை கடையிலை முருங்கைக்காய் மலிஞ்சுபோச்சு எண்டு எழுதியிருக்கிறது அப்பிடியே தெரியுது, முடிய முன்னம் ஓடிப்போட்டு வாறன்!"

வரவில்லை. நான் கத்தவும் இல்லை. கடைக்கு வெளியே நின்று கத்தினால் கணக்கில் சேருமா என்று மட்டும் யோசித்தேன்.

பின்னறையில் ஒரு மிருகம்

தொப்பி, பூட்ஸ், பத்துப் பொக்கற் வைத்த காக்கிச் சட்டை, எல்லாம் போட்டுக்கொண்டு நவம்பர் மழையில் ஒரு இளந்தாரி வெள்ளைக்காரன் வந்தான். அடுத்த மாசம்தான் பயணம், உடுப்பு பழகட்டும் என்று போட்டுத் திரிகிறானாம். அவனுக்குச் சட்டைப் பொக்கற்றுக்குள் அடங்குகிற சின்னப் பைனாகுலர்தான் வேண்டும். பெரிசைக் கழுத்தில் போட்டால் சட்டையின் அழகு கெட்டுவிடுமாம்.

 வேட்டை மிருகம் வெளியே வருவது விடியப்புறத்திலும் பொழுது படும்போதும். முன்கண்ணாடி அகலமாக இருந்தால்தான் அந்த மங்கலில் வெளிச்சத்தை அள்ளும். சின்னது பகலுக்கு மட்டும். வாயால் சொன்னால் சண்டை வரும் என்று, இரண்டு அளவையும் எடுத்துக்கொண்டு அவனைப் பின்னறைக்குள் தள்ளி, லைற்றை நூர்த்தேன். ஒரு சின்ன யன்னல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "இதுதான் ஆபிரிக்கா. பாரும்" என்றேன். சின்னதால் பார்த்தான், ஒன்றுமில்லை. பெரிசால் பார்த்தான். மூச்சை அடக்கினான். பவளம் மத்தியானச் சாப்பாட்டோடு பெட்டிகளுக்கு நடுவில் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தபோது காலம் கடந்துவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் கிசுகிசுத்தான்: "அசையாதையும்! அலுமாரிக்குப் பக்கத்திலை ஒண்டு இருக்கு, எங்களையே பாத்துக்கொண்டு அசைபோடுது!"

சைவ வேட்டைக்காரர்

ஹவுன்ஸ்லோவில் இருந்து ஒரு கணக்காளர் வந்தார். எங்கடை ஆள், விபூதிக் குறி, முட்டை போட்ட கேக்கும் தொடமாட்டார். அவருடைய முதலாளி அவரைக் கட்டாயப்படுத்தி மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். கடையில் இருந்ததிலேயே நல்லதைக் கேட்டார். தான் கண்ணாடி போடுகிற ஆள் என்று சொல்லி, ரப்பர் விளிம்பை மடக்கிவிட்டால் முழுக்காட்சியும் தெரிகிறதா என்று பார்த்தார். முதலாளி வைத்திருப்பதைவிட இது திறமா என்று மூன்று தரம் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் திரைச்சீலை ஆடியது, அதனால் குரலை இறக்கி, "ஐயா, நீங்கள் துவக்குத் தூக்கிச் சுடுறேல்லை, இறைச்சி தின்னிறேல்லை, உங்களுக்கு ஏன் இவ்வளவு திறமான சாமான்?" என்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னார்: "அண்ணை, மானை நான்தான் முதல் காணவேணும், அப்பதானே 'இந்தப் பக்கம் ஒண்டும் இல்லை சேர், அங்காலை போவம்' எண்டு சொல்ல ஏலும்."

அவருக்கு மட்டும் தோல் உறை சும்மா கொடுத்தேன். என் வரலாற்றில் அது ஒன்றுதான்.

விலை பேசாத மனிசன்

கடைசியாக வந்தவர் வெள்ளை மீசைக்காரர். பழைய ராணுவம் என்பதை அவருடைய சப்பாத்தே சொன்னது. தானும் சிநேகிதர்களுமாக எருமை வேட்டைக்குப் போகிறார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி பைனாகுலர் வேண்டும். ஊதவில்லை, டையால் துடைக்கவில்லை. எட்டு மடங்கு, நாற்பது மில்லிமீற்றர், வெயிலில் மினுங்காத ரப்பர் உறை, தூசி போகாத மூடி, கழுத்தை அறுக்காத அகலப் பட்டி. ஒவ்வொன்றாகச் சரியாகத் தெரிவு செய்தார். இப்படி ஒரு ஆளுக்காகத்தானே இவ்வளவு நாளும் கோபத்தை விழுங்கினேன் என்று கண் கலங்கியது.

விலை சொன்னேன். நாலு பேர் நாலு பக்கம் இழுத்தாலும் நட்டம் வராத விலை. இனி அவர் நெஞ்சைப் பிடிக்கவேண்டும், வாசல் வரைக்கும் போகவேண்டும், நான் கூப்பிடவேண்டும். அதுதானே முறை. மனிசன் "நல்லது" என்று சொல்லிவிட்டுச் செக் புத்தகத்தைத் திறந்தார்.

எனக்குக் காது சுட்டது. "சேர், விலை கூட எண்டு தெரியேல்லையோ?"

"இல்லை."

"வேறை கடையிலை விசாரிக்கேல்லையோ?"

"தேவையில்லை."

"சரி, பத்து வீதம் குறைக்கிறன்."

பேனை நின்றது. "ஏன்? சாமானிலை ஏதும் பழுதோ?"

"என்ரை சாமானிலை பழுதோ? இருபது வீதம் குறைக்கிறன், இப்ப சொல்லும் பாப்பம்!"

"சொன்ன விலையிலை ஒரு பென்னி குறைச்சாலும் நான் வாங்கமாட்டன்!" என்று அவர் மேசையில் அடித்தார்.

"அந்த விலைக்கு நான் விக்கமாட்டன்!" என்று நானும் அடித்தேன். கமெராக்கள் துள்ளின. புதிதாகப் போட்ட கதவு மணி தானாக ஒருதரம் அடித்தது.

திரைச்சீலை விலகியது. பவளம் வந்தாள். கவுண்டர்ப் பலகையைத் தூக்கி எனக்கு வழிவிட்டாள். பிரவுண் பேப்பரையும் ஒட்டுநாடாவையும் என் கையில் வைத்தாள். நான் உள்ளே போனேன். "இவர் முதல் சொன்ன விலைதான் சேர், எழுதுங்கோ" என்று அவள் சொன்னது கேட்டது. பேனை ஓடிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மீசைக்காரர் மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்: "மேடம், எருமை பாஞ்சு வந்தால் எனக்குத் துவக்கு இருக்கு, இந்த மனிசனுக்கு நீங்கள் என்ன வைச்சிருக்கிறியள்?"

கோபக்காரனுக்கு வியாபாரம் சரிவராது என்பது சுத்தப் பொய், சகோதரங்களே. திறமாகச் சரிவரும், ஆனால் கவுண்டரில் நிற்பது அவனுடைய மனுசியாக இருக்கவேண்டும்.