கூப்பிட மறந்த சொல்

1962 ஏப்ரல் 8, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, பேகம்பூரில் எங்கள் வீட்டில் அண்டைக் குழந்தைகளுக்குச் சொல் விளையாட்டு நடத்தினேன். ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்து ஒளியச் சொன்னேன். ‘மரத்தை’, ‘குடத்தில்’ என அச்சொல்லை வேற்றுமை உருபு சேர்த்து நான் கூறும்போதுதான் அதற்குரிய குழந்தை வெளிவரலாம். பெயர் சொல்லி அழைத்தால் வரக்கூடாது. இருட்டியதும் விளையாட்டை முடித்தேன்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு நூர்ஜகானின் தாய் ஓடிவந்தார்.

“எம்மவ இன்னும் வரலியேம்மா!”

பெயர் சொல்லிக் கூவினோம்; பதிலில்லை. அவளுக்குக் கொடுத்த ‘கிளி’ என்ற சொல்லை நான் அழைக்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“கிளிக்கு!” என்றேன்.

உள்ளறை மரப்பெட்டிக்குள் தட்டும் ஓசை கேட்டது. மூடியின் கொண்டி தானாக விழுந்து மாட்டியிருந்தது. திறந்தபோது வியர்வையில் நனைந்து, மூச்சு வாங்கக் கிடந்தாள்.

“பேரச் சொன்னா வரக்கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீக?”

மறுநாள் காலை குழந்தைகளை என்னெதிரே வட்டமாக அமர்த்தி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, பதில் கேட்ட பின்னரே முதற்சொல்லைக் கொடுத்தேன்.