கிட்ரிட்ஜின் கட்டைவிரல்

அம்மாவை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். பிறகு வீட்டில் சாப்பிடும்போது, அமெரிக்க செனட்டில் பெரும்பான்மைக் கட்சிக்கு ஆள் எண்ணும் வேலை பார்த்த வெண்டல் ஒரு கதை சொன்னார். "மிஸ் டெல்மா பிடிவாதத்தால ஒரு நீதிபதிக்குப் பதினோரு நாள் போச்சு." எல்லாரும் சிரித்தார்கள். கதை தவறு. நான் பொறியாளர், திருத்தாமல் விட முடியவில்லை.

அம்மா டெல்மா ஹேக்வுட், செனட்டில் பெயர் கூப்பிட்டு ஓட்டுக் குறிக்கும் எழுத்தர். வெண்டல் சொன்ன அந்த நாளில், கோரா லிண்ட்ஸ்ட்ரமை மேல்முறையீட்டு நீதிபதியாக்குவது பற்றிய விவாதத்தை முடிக்க ஓட்டு. நீதிபதியை உறுதிசெய்யப் பாதிக்கு மேல் போதும். ஆனால் பேச்சை முடித்தால்தான் அந்த ஓட்டுக்கே போக முடியும். அதற்கு அப்போது நூறில் அறுபது வேண்டும். எதிர்ப்பவர்கள் நின்று பேசக்கூட வேண்டாம்; அறுபது சேராவிட்டால் போதும். ஓட்டுப் போடாதவரும் எதிர்த்தவருக்குச் சமம்.

லிண்ட்ஸ்ட்ரம் ஜெயிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வீட்டில் சொல்வாள். செனட்டில் தன் மேசையில் சொன்னதில்லை.

ஐம்பத்தொன்பது சேர்ந்திருந்தது. எந்தப் பக்கம் என்று சொல்லாதிருந்த கிட்ரிட்ஜ் மட்டும் பாக்கி. எழுத்தரைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே காட்டினால் 'ஆம்', கீழே காட்டினால் 'இல்லை'. அவர் கதவருகே நின்று கட்டைவிரலை உயர்த்தினார். வெண்டல் மேசைக்கு ஓடிவந்தார்.

"அறுபது! எழுதுங்க மிஸ் டெல்மா!"

"எனக்குக் காட்டலியே. உனக்குல்ல காட்டினாரு."

"விரல் விரல்தானே? யாருக்குக் காட்டினா என்ன?"

"நீ அவருக்குப் பேஸ்பால் டிக்கெட் வாங்கிக் குடுத்தியா இல்லியா? அந்த விரல் அதுக்கா இருந்தா?"

அம்மா உரக்கக் கூப்பிட்டாள்: "திரு. கிட்ரிட்ஜ்!"

அவர் திரும்பினார். அம்மாவைப் பார்த்து விரலைக் கீழே காட்டினார்.

"திரு. கிட்ரிட்ஜ், இல்லை" என்று அவள் திருப்பிச் சொன்னாள். குறித்தாள்.

தோற்ற ஓட்டை மறுபடி எடுக்கும்படி கேட்க, ஜெயித்த பக்கம் இருந்தவருக்கே உரிமை. அதனால் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் தன் ஓட்டையும் 'இல்லை' என்று மாற்றினார். ஐம்பத்தெட்டுக்கு நாற்பத்திரண்டு. வெண்டல் அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை.

அன்று அவள் அந்த விரலை எழுதியிருந்தால், கிட்ரிட்ஜ் வந்து, நான் ஓட்டே போடவில்லை என்றிருப்பார். அப்புறம் அந்தக் கணக்கை எதிர்த்தரப்பு நம்பியிருக்காது. வெண்டல் தன் கதையில் விட்டது இதைத்தான்.

பதினோராம் நாள் மறு ஓட்டு. இடையில் கிட்ரிட்ஜிடம் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த முறை அவர் மேசைவரை நடந்துவந்து, அம்மாவின் மூக்குக்கு நேரே விரலை உயர்த்தினார்.

"இப்பத் தெரியுதா மேடம்?"

"நல்லாத் தெரியுது சார். கொஞ்சம் தள்ளி நின்னாலும் தெரியும்."

தலைவரும் 'ஆம்' பக்கம் திரும்பியிருந்தார். அறுபதுக்கு நாற்பது. ஒருவரும் மறு எண்ணிக்கை கேட்கவில்லை. மறுநாள் மாலை லிண்ட்ஸ்ட்ரம் நீதிபதியானார்.

அன்று அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ்கிரீம் டப்பாவை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கரண்டிகூடத் தராமல் முழுவதையும் தின்றாள்.