பக்கத்து வீட்டுத் தொட்டிச் சாணம்

சேத்தூரில் எங்கள் தெருவிலேயே முதலில் சாண எரிவாயுத் தொட்டி கட்டி, காஸ் அடுப்பு எரித்தது என் வீட்டில்தான். தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் ஆராய்ச்சி படித்த என் மகள், அந்தத் தொட்டியையே படிப்பாக எடுத்துக்கொண்டாள். சாணத்தைக் காஸ் ஆக்குவது கண்ணுக்குத் தெரியாத உயிர்களாம், அவற்றின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாக வாசித்தால் உள்ளே எந்தெந்தக் கூட்டம் வாழ்கிறது என்று தெரிந்துவிடுமாம். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் மாதம் ஒரு சீசாவில் தொட்டிக் கரைசலை மொண்டு, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, ராஜபாளையத்தில் மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவது நான்தான்.

படிப்பெல்லாம் தை வரைக்கும்தான் என்று அவள் அப்பா கெடு வைத்திருந்தார். ஆடி முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வருகிறவர்கள் மூக்கைப் பிடிக்கக் கூடாதென்று, தொழுவம் முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். கழுவின தண்ணீர் அவ்வளவும் தொட்டிக்குள் போனது. மூன்றாம் நாள் அடுப்பு அணைந்தது.

புதுச்சாணம் போட்டுத் தொட்டியைப் பிழைக்க வைக்க ஒரு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு சீசா அனுப்ப வேண்டும். நானே கெடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டியில் மொண்டு அனுப்பிவிட்டேன். அவர்கள் கோழி எச்சத்தையும் அதில் போடுவார்கள் என்பது எனக்கு நினைப்பில்லை.

ஐப்பசியில் மகள் வந்தாள். அவள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, நம்ம வீட்ல எப்பம்மா கோழி வளத்த?”

“கோழியா? எதுக்குட்டி கேக்க?”

“ஒரு சீசாவுல மட்டும் கோழிக் குடல்ல வாழுற கூட்டமா வருது. நாந்தான் சீசாவ மாத்திட்டேன்னு சார் சொல்லுதாவ. இனி நான் என்ன செஞ்சாலும் அவிய நம்பமாட்டாவ.”

கணவர் எதிரில் வாயைத் திறக்கவும் முடியவில்லை. மூடினால் பழி அவள் தலையில். சொன்னேன்.

மகள் விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். “பினாயில் பட்டதுன்னா, பொறவு எடுத்ததும் செல்லாதும்மா. திரும்ப ஆறு மாசம் எடுக்கணும்.”

“மாப்பிள வீட்டுக்குத் தைன்னு சொல்லியாச்சு” என்று அவர் கை கழுவப் போனார்.

ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அவள் சாருக்குக் கடுதாசி எழுதினேன், தப்பு என்னுடையது என்று. அவர் நம்பினார். ஆறு மாதம் தருவதாகவும் எழுதினார். இவர் தரவில்லை.

தையில் கல்யாணம். பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா, படிப்பு முடிந்ததா என்று கேட்டாள்.

“பாதியில நிக்கி” என்றேன்.

“அதுக்கென்ன மதினி, எங்க வீட்ல வந்து சாணியவா படிக்கப் போறா?” என்று சிரித்தாள். என் மகளும் சிரித்து வைத்தாள்.