ஜோசபின் டீச்சருக்கு வந்த நோயின் பெயர்

நம் லாபிஸ் ஊர்ச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. 'அக்கா காலையில போயிட்டாங்க.' நம் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஜோசபின் டீச்சரின் எண்ணிலிருந்தே அவருடைய தம்பி எழுதியிருந்தார். டீச்சருக்கு முப்பத்து நான்கு வயது.

சென்ற ஆண்டு அவர் கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி வந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். விழுங்கினால் காது வரை இழுக்கிறது என்றார். "உடம்புச் சூடு லா, பார்லித் தண்ணி குடிங்க" என்று ஆளாளுக்குச் சொன்னோம். நான் சொன்னதோடு நிற்காமல் மூன்று மாதம் தினமும் காய்ச்சிக் கொண்டுபோனேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதுவும் அறிவியல் பட்டம். இருந்தும் எனக்குத் தோன்றியது பார்லிதான்.

"உன் பார்லியால கிட்னி பளபளன்னு ஆயிருக்கும் தேவி. தொண்டைதான் கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தார். அந்த மூன்று மாதங்களை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். தொண்டைக்குள், நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்றார்கள். சிகரெட், மது, வெற்றிலை எதையும் தொடாதவர் அவர். எச்.பி.வி. என்ற கிருமிதான் காரணம் என்று மருத்துவர் விளக்கினார். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் அதே கிருமி. பெரும்பாலோருக்கு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சிலர் உடலில் பல ஆண்டுகள் தங்கிப் புற்றை உண்டாக்கும். உடலுறவின் வழியாகப் பரவக்கூடியது என்பதால் டீச்சரின் அம்மா பயந்துபோனார். "வைரஸ்னு வெளியில சொல்லிடாதம்மா. கல்யாணம் ஆகாத பொண்ணு."

"தொண்டையில நோய். அதுக்கு வாய மூடிக்கிட்டு இருக்கணுமாம்" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். அன்று அவர் சிரிக்கவில்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து அவர் பள்ளிக்குத் திரும்பிய வாரம், முதலாம் படிவத்தில் படிக்கும் பதின்மூன்று வயது மாணவிகளுக்கு அந்தக் கிருமிக்கான தடுப்பூசி போடவிருந்தார்கள். என் வகுப்பில் நான்கு பேரின் பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடவில்லை.

"ஃபோன் பண்ணினியா?"

"ஃபாரம் கொடுத்து அனுப்பினேன் டீச்சர்."

"ஃபாரம் பேசுமா?"

அவரே அழைத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வாய் தண்ணீர் வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைக்கு எதற்கு அந்த ஊசி என்று ஒரு தாய் கேட்டார். "என் குரல் எப்படி இருக்குன்னு கேக்குதுங்களாக்கா? இப்படி ஆகக் கூடாதுன்னுதான்" என்றார். மறுநாள் மூன்று படிவங்கள் கையெழுத்தோடு வந்தன.

அடக்கத்தன்று வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தில், உறவுக்காரப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஹாஸ்டல்ல சிகரெட் பழகியிருக்கும்."

"வெத்தலையா இருக்கும். யாருக்குத் தெரியும்?"

ஒருவர் என் பக்கம் திரும்பினார். "நீ கூடவே இருந்தியே, உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றேன். பத்தடி தூரத்தில் டீச்சர் பெட்டியில் படுத்திருந்தார்.

உங்களுக்கு இதை எழுதுவதற்கு முன் அவர் அம்மாவிடம் அனுமதி கேட்கப் போனேன். "சிகரெட்டுன்னு பேசிக்கிறாங்களாமே. எழுதும்மா, உள்ளத உள்ளபடி எழுது" என்றார்.

அதனால் எழுதுகிறேன். ஜோசபின் டீச்சர் புகைத்ததில்லை, வெற்றிலை போட்டதில்லை. அவருக்கு வந்தது ஒரு கிருமி. யாருக்கும் வரக்கூடியது. அது அவருடைய நடத்தைக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் தொலைபேசிப் பழக்கத்தை மட்டும்தான். இந்த ஆண்டு என் வகுப்பில் இரண்டு பேரின் பெற்றோர் கையெழுத்திடவில்லை. நேற்று முதல் தாயை அழைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் அழைத்தேன்.