ஆயிரத்து ஐநூறு மீட்டர் அவஸ்தைகள்

நீச்சலில் ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் என்று ஒரு போட்டி உண்டு. அது ஆரம்பித்ததும் பார்க்க வந்தவர்கள் டீ குடிக்கப் போவார்கள், பஜ்ஜியும் தின்றுவிட்டுத் திரும்பி வந்தால் நாங்கள் இன்னும் நீந்திக்கொண்டிருப்போம். இப்படி நீளமான ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்ட எல்லாரும், மாரத்தான் ஓடுகிறவர்களோ பி.எச்டி. செய்கிறவர்களோ, என் கட்சிதான். நீங்களே சொல்லுங்கள், நான் பட்டது கொஞ்சமா?

வளைவு

திருவண்ணாமலை மாவட்டத்தில், கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் கடலைக்கொல்லையில் ஒரு வட்டக் கிணறு. வேன் ஓட்டும் என் அப்பா, இடுப்பில் கயிற்றைக் கட்டி அதில்தான் என்னை இறக்கிவிட்டார். கயிறு போன பிறகும் நான் ஏறவில்லை. நேராகப் போனால் நாலு வீச்சில் சுவர் வந்துவிடும். அதனால் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்துவேன். "போதும், ஏறும்மா" என்று அப்பா மேலேயிருந்து கத்துவார். காதில் விழாது, விழுந்தாலும் விழாது.

ஒன்பதாவது படிக்கும்போது சென்னையில் ஒரு பெரிய குளத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குதித்தேன். பாதி தூரத்தில், பாதைகளைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றில் தோள் இடித்தது. நகர்ந்து வந்தேன், மறுபடி இடித்தது. அடுத்த தடவை கயிற்றுக்கு அடியில் புகுந்து, பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த பெண்ணின் முதுகிலேயே ஏறிவிட்டேன். அவள் பெயர் நஸ்ரின். அவளும் திருவண்ணாமலைதான், டவுனில் கடிகாரக் கடை வைத்திருப்பவர்களின் பெண் என்பது அவள் திட்டி முடித்த பிறகு தெரிந்தது. பயிற்சியாளர் சார் என்னைக் கரையேற்றி, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அதானே பார்த்தேன். மலையைச் சுத்துறீங்க, சரி. குளத்தையுமா சுத்தணும்?"

மணி

எங்கள் போட்டியில் முதலில் போகிறவருக்குக் குளத்தில் கடைசி இரண்டு நீளம் மிச்சம் இருக்கும்போது மணி அடிப்பார்கள். மணி அவருக்கு மட்டும்தான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் முதல் போட்டி. மணிச் சத்தம் கேட்டதும் எனக்குத்தான் என்று நினைத்து, உடம்பில் இருந்த மொத்தத் தெம்பையும் போட்டு இரண்டு நீளம் அடித்தேன். சுவரைத் தொட்டேன். தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கினேன். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தேன். பக்கத்துப் பாதைகளில் இன்னும் நீந்திக்கொண்டிருந்தார்கள்; நான் எல்லாரையும் முந்திவிட்டதாக அதற்கும் ஒரு விளக்கம் மனசில் தோன்றிவிட்டது. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நடுவர் அம்மா குனிந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "சாமி கும்பிட்டாச்சுன்னா கெளம்புமா, இன்னும் நாலு பாக்கி இருக்கு."

மந்திரம்

கோடையில் ஊரில் பயிற்சி செய்ய இடமில்லை. ரமணாசிரமத்தைத் தாண்டி செங்கம் ரோட்டில் ஒரு விடுதி. வெயில் காலத்தில் ஆள் வராததால், பின்பக்கம் இருந்த சின்னக் குளத்தை எனக்கும் நஸ்ரினுக்கும் காலையில் திறந்துவிட்டார் முதலாளி. தங்கியிருந்தது ஒரே ஒரு வெள்ளைக்காரர், வெள்ளைத் தாடியோடு. நாங்கள் நீந்துகிற நேரமெல்லாம் கரையில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் முதலாளியைக் கூட்டிவந்து, மூச்சு வாங்கத் தலையைத் திருப்பும்போது என் உதடு அசைகிறதே, அது என்ன மந்திரம் என்று கேட்கச் சொன்னார்.

"மந்திரமா? வீட்ல இன்னிக்கு இட்லியா, பூரியா, பொங்கலானு யோசிச்சிட்டிருந்தேண்ணா" என்றேன். முதலாளி இங்கிலீஷில் என்னவோ நீளமாகச் சொன்னார். வெள்ளைக்காரர் கண் கலங்கி என்னைக் கும்பிட்டார். நஸ்ரின் தண்ணீருக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். அவர் போனதும் முதலாளியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "'இது இல்லை, அது இல்லை'னு உள்ளுக்குள்ள விசாரிச்சுக்கிட்டே போவுதுனு சொன்னேன். பொய் ஒண்ணும் இல்லியே?"

நகம்

மாநிலப் போட்டியில் தேசியப் போட்டிக்கு எடுப்பது மூன்று பேரை. முதல் இரண்டு இடம் யாருக்கு என்பது ஊருக்கே தெரியும். மூன்றாவது எனக்கா, நஸ்ரினுக்கா என்பதுதான் கேள்வி. அந்த ஒரு வாரம் இரண்டு பேரும் சாப்பாடு, சினிமா, மாமி வீட்டுக் கல்யாணம் என்று எல்லாவற்றையும் பேசினோம். போட்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பாதியில் என் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எதுவும் தெரியவில்லை. பக்கத்துப் பாதையில் நஸ்ரின் கால் கிளப்பும் நுரை மட்டும் மங்கலாக வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். கடைசி நீளத்தில் நுரையைத் தாண்டி அவள் இடுப்பு, தோள், பிறகு முகத்துக்கு நேர் முகம். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சுவரைத் தொட்டோம். முடிவுப் பலகை அவளுக்குத்தான் மூன்றாவது என்றது. வித்தியாசம் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. உடை மாற்றும் அறையில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு நான் அழுதேன். எதிரே உட்கார்ந்து அவளும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் விரல்களை என் முன்னால் நீட்டினாள். "நகத்தை வெட்டுடினு அம்மா ஒரு வாரமா சொல்லினே இருந்தாங்க. சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன்டி."

பஸ்ஸில்

அன்றைக்குத் திரும்பி வரும்போது திண்டிவனத்தில் அப்பா வறுத்த கடலை வாங்கினார். பொட்டலம் பிரிக்காமல் மடியிலேயே இருந்தது. செஞ்சிக் கோட்டை தெரிந்ததும் அதைப் பிரித்து என் கையில் கொட்டினார். "மத்தவங்க மூணு பேரும் அவசரப்பட்டு முடிச்சிட்டாங்கமா. உன்னளவுக்கு அவங்களால தண்ணியில இருக்க முடியல."

முழங்கால் ஆழம்

அடுத்த வருஷம் நானும் தேசியப் போட்டிக்குப் போனேன். கடைசிக்கு முந்தின இடம். பிறகு பரீட்சை எழுதி வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். போன மழையில் அலுவலக வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மேலதிகாரி மேடம் ஸ்கூட்டர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. முப்பது பேர் இருக்கிற அலுவலகத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முழங்கால் தண்ணீரில் நீந்த முடியாது, நடக்கத்தான் வேண்டும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். நாலாவது அடியில் பாசி வழுக்கி, மொத்தமாக உள்ளே போய், சேற்றோடு எழுந்தேன். ஜன்னலில் நின்ற மேடம் முகத்தில் பரிதாபம் கொஞ்சமும் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. "என்னம்மா நீ, ஸ்விம்மர்னு சொன்னாங்க?"

இத்தனை வருஷம் மூச்சு முட்ட நீந்தி நான் தெரிந்துகொண்டது, ஆயிரத்து ஐநூறு மீட்டரையும் ஒழுங்காக முடித்தால் குதித்த இடத்திலேயே திரும்பக் கரையேறுவோம், பசி மட்டும் ஜாஸ்தியாக இருக்கும் என்பதுதான்.