துண்டு போட்ட சீட்டும் மூன்றாம் பார்ட் ஹீரோயினும்

இன்று திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறி நானும் மகளும் உட்கார்ந்துவிட்டோம். அதன் பிறகுதான் ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டார். அது என் மடியிலேயே விழுந்தது.

ஏறி வந்து, "எந்திரிம்மா, துண்டு போட்டு வச்ச எடம்" என்றார்.

"சாரிங்க" என்று எழுந்துவிட்டேன்.

என்னோடு எழுந்து நின்ற மகள் சத்தமாகவே சொன்னாள். "அம்மா, நான் ஆடுற வீடியோ கேம்ல ஹீரோயினும் ஃபர்ஸ்ட் பார்ட்ல உன்ன மாதிரிதான். யார் மெரட்டினாலும் சாரி சொல்லிக்கினு ஓடுவா. மூணாவது பார்ட்ல யாருக்கும் பயப்பட மாட்டா."

பஸ்ஸே சிரித்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

"நடுவுல என்னடி ஆச்சு அவளுக்கு?"

"பொண்ணு பொறந்துச்சும்மா."

எனக்கும் பெண் பிறந்து ஏழு வருஷமாகிறது. உங்களுக்கெல்லாம் அந்த மாற்றம் எப்போது வந்தது, கொஞ்சம் சொல்லுங்களேன்.