இரத்தம் கேட்கும் ராத்தா

பெண் பார்க்கப் போன வீட்டில் ஜுனைதா ராத்தா முதலில் பார்ப்பது கண்ணிமையை. தேநீர்த் தட்டோடு வரும் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, கீழிமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார். இதென்ன புதுவித அழகுச் சோதனை என்று பெண்ணின் தாய் கலங்கிப்போவாள். "கண்ணுல ஒண்ணும் தெரியப்போறதில்ல, சும்மா பழக்கம்" என்பார் ராத்தா. அதற்குப் பிறகுதான் கேள்வி வரும். "மகளுக்கு ரத்தம் பார்த்தாச்சா?"

மாத்தளை டவுன், உக்குவளை, கலேவெல என்று பஸ் ஏறி இறங்கி, முஸ்லிம் வீடுகளுக்கு வரன் கொண்டுவருவது அவருடைய தொழில். கறுப்பு ரெக்சின் பை, பழைய குடை, கன்னத்துக்குள் எப்போதும் ஒரு கராம்பு. படங்கள் இப்போது போனில் வருகின்றன. முகத்தில் மாவு பூசியதுபோல் வெளுப்பாக்கி அனுப்பும் தாய்மாருக்குக் குரல்செய்தி போடுவார்: "மாப்புள கலியாணம் முடிக்கப்போறது உங்கட மகளத்தான், போன்ல வர்ற படத்த இல்ல. நேர்ல இருக்கிற மாதிரியே எடுத்து அனுப்புங்க."

மற்றத் தரகர்கள் படிப்பையும் வெளிநாட்டு வேலையையும் கேட்பார்கள். ராத்தா இரத்தத்தைக் கேட்பதால் ஊரில் அவருக்கு 'ரத்த ராத்தா' என்று ஒரு பட்டப்பெயர். சில வீடுகள் அவருக்குக் கதவு திறப்பதை விட்டுவிட்டன. "எங்கட பரம்பரையில அப்படி ஒண்ணும் இல்ல" என்று முகம் சிவப்பவர்களிடம், "இல்லாட்டி பார்க்கிறதுக்கு என்ன பயம்?" என்று கேட்டுவிட்டுக் கராம்பை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார்.

இந்தக் கேள்வி அவருடைய சொந்த உடம்பிலிருந்து வந்தது. குமரிப்பிள்ளையாக இருந்த காலத்திலேயே ராத்தா வெளிறிப்போனவர். படி ஏறினால் மூச்சு வாங்கும். மாமியார் வீட்டில் சோம்பேறி என்று பெயர். முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சம்பழம், வயிற்றைப் புரட்டும் இரும்புச்சத்துக் குளிசை, எல்லாம் ஆண்டுக்கணக்கில் உள்ளே போயின. நிறம் மட்டும் மாறவில்லை. ஐம்பது தாண்டிய பிறகு கிளினிக்கில் ஒரு டொக்டர் அம்மா இரத்தச் சோதனை முடிவை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு இல்ல, அம்மா. இத வேற மாதிரிப் பார்க்கணும்" என்றார். வேறு மாதிரிப் பார்த்தபோது, ராத்தா தலசீமியா காவி என்று தெரிந்தது. நோயாளி அல்ல. அந்த நோயின் கூறு ஒன்றைச் சுமப்பவர்.

"காவின்னதும் புத்த கோயில் ஹாமதுரு உடுத்துற நிறம்னு நெனச்சேன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இரத்தச் சிவப்பணுவுக்கு டொக்டர் அம்மா சொன்ன 'செங்குருதிக் கலம்' என்ற சொல் மட்டும் கேட்டவுடனே பிடித்துவிட்டது. "கலம்னா பாத்திரம்தானே. மத்தவங்கட பாத்திரம் பெருசு. என்டது சின்னது. சின்னப் பாத்திரத்தால தண்ணி அள்ளினா ரெண்டு தரம் போய் வரணும். அதான் எனக்கு மூச்சு வாங்கியிருக்கு. சோம்பல் இல்ல." இதைச் சொல்லும்போது, இறந்துபோன மாமியாரிடம் வழக்கு வென்றதுபோல் முகம் மலரும்.

ஆனால் அன்று டொக்டர் அம்மா சொன்ன இன்னொன்று அவரைத் தூங்கவிடவில்லை. கணவன், மனைவி இருவருமே காவிகளாக இருந்தால்தான் பிறக்கும் பிள்ளைக்கு ஆபத்து. ராத்தாவின் கணவர் காவி இல்லை, பிள்ளைகள் தப்பினார்கள். "தப்பிச்சதே தெரியாம தப்பிச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர், தான் சேர்த்துவைத்த ஜோடிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கத் தொடங்கினார். யாருடைய இரத்தத்தில் என்ன இருந்ததென்று அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த வரனிலிருந்து கேட்கத் தொடங்கியவர்தான், இன்னும் நிறுத்தவில்லை.

இந்த ஆண்டு அவர் மிகவும் ஆசைப்பட்டுச் சேர்த்த ஜோடி நப்லானும் நிஷ்மியாவும். நப்லான் கலேவெலயில் தண்ணீர் பம்ப் திருத்தும் கடை வைத்திருப்பவன். நிஷ்மியா மாத்தளையில் நேர்சரி டீச்சர். முதல் சந்திப்பில் என்ன பேசுவதென்று தெரியாமல் அவன் பம்ப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். "பம்புக்குள்ள இவ்வளவு விசயம் இருக்குன்னு எனக்குத் தெரியாது ராத்தா" என்று அவள் பிறகு சொன்னபோது, உதட்டோரத்தில் சிரிப்பு ஒளிந்திருந்தது. அடுத்த வாரமே நேர்சரியில் தண்ணீர் மோட்டார் பழுதாயிற்று. நப்லான் ஸ்பானர், குறடு நிறைந்த ஆயுதப் பெட்டியோடு கலேவெலயிலிருந்து வந்தான். மோட்டாருக்கு ஒன்றும் இல்லை என்று ராத்தாவிடம் மட்டும் சொன்னான்.

"இவ்வளவு தூரம் வந்த பிறகு இந்த ரத்தச் சோதனை எதுக்கு ராத்தா?" என்று நிஷ்மியாவின் தாய் றஹீமா சலித்துக்கொண்டாள். கணவர் மௌத்தான பிறகு தையல் இயந்திரத்தை மிதித்து மகளை ஆளாக்கியவள். ராத்தா விடவில்லை. இருவரும் இரத்தம் கொடுத்தார்கள்.

முதலில் நப்லானின் அழைப்பு வந்தது. "நான் காவியாம் ராத்தா."

"ஒரு பக்கம் மட்டும்னா ஒண்ணுமில்ல மகன். என்னப் பாருங்க, நான் இருக்கேன்தானே" என்றார் ராத்தா. அவருக்கே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சில நாள் கழித்து நிஷ்மியாவின் முடிவு வந்தது. அவளும் காவி. அன்று கலேவெல போகவேண்டிய ராத்தா, மாத்தளை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பஸ்களைப் போகவிட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மழைக்குள் நப்லான் மோட்டார் சைக்கிளில் வந்தான். முடிவை அவனுடைய பெற்றோர் அவனிடமே விட்டிருந்தார்கள். றஹீமாவின் முன்னறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணியை யாரும் தொடவில்லை.

"நீங்க சேர்த்துவைக்கிற ஆளா, பிரிச்சுவைக்கிற ஆளா?" என்று றஹீமா கேட்டாள். குரலில் அழுகை இருந்தது.

ராத்தா கராம்பை முந்தானையில் துப்பினார். "பிரிக்கச் சொல்லி நான் சொல்லல்ல. கலியாணம் முடிக்கச் சொல்லியும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுகிட்டுச் செய்யுங்க, அவ்வளவுதான்." பிறகு, அறையில் இரண்டு பல்ப் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று பழுதானாலும் மற்றது எரியும், இருட்டாகாது. இவர்கள் ஒவ்வொருவருடைய உடம்பிலும் அப்படித்தான், ஒன்று பழுது, ஒன்று நல்லது. பிள்ளைக்கு உம்மாவிடமிருந்து ஒன்று, வாப்பாவிடமிருந்து ஒன்று போகும். போகிற இரண்டுமே பழுதானதாக இருந்தால் அந்தப் பிள்ளையின் உடம்பில் நல்ல இரத்தம் ஊறாது. வாழ்நாள் முழுக்க வேறு யாருடைய இரத்தத்தையாவது ஏற்ற வேண்டும்.

"கிளினிக்குல நாலுல ஒண்ணுன்னுதானே சொன்னாங்க" என்றான் நப்லான். "மத்த மூணு?"

"ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒண்ணு மகன். ஒருத்தருக்கு வந்திட்டா அடுத்தவருக்கு வராதுன்னு கணக்கில்ல."

நப்லான் நிமிர்ந்தான். "புள்ள இல்லாம இருப்போம். இல்லாட்டி ஒண்ண எடுத்து வளர்ப்போம். எனக்கு ஓகே."

நிஷ்மியா அப்போதுதான் வாய் திறந்தாள். "என்ட வகுப்புல ஒரு சின்னப் புள்ள இருக்கா. மாசா மாசம் ரத்தம் ஏத்துறவ. ஏத்தின அடுத்த நாள் வந்து ஓடுற ஓட்டத்துல யாராலயும் அவளப் புடிக்க ஏலாது. மாசக் கடைசியில ஊஞ்சல் கம்பியப் புடிச்சுக்கிட்டுச் சும்மா நிப்பா. ஏற மாட்டா. ஏன்னு கேட்டா, 'அவங்க ஆடட்டும் டீச்சர்'னு சொல்லுவா."

நிஷ்மியா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"என்னால அதத் தெரிஞ்சுகிட்டுச் செய்ய ஏலாது" என்றாள். பிறகு நப்லானை நேராகப் பார்த்தாள். "புள்ள வேணாம்னு இப்ப சொல்றீங்க. அன்னைக்கு மோட்டார் பார்க்க வந்தப்ப சின்னவங்க எல்லாம் உங்கட கையப் புடிச்சுத் தொங்கினாங்க. நான் உங்கட முகத்தப் பார்த்தேன்."

நப்லான் மறுத்துப் பேச வாயெடுத்தான். பிறகு தலை குனிந்துகொண்டான். றஹீமா எழுந்து உள்ளே போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மழை ஓய்ந்ததும் அவன் எழுந்தான். வாசலுக்கு வந்து சப்பாத்து மாட்டிக்கொண்டே, "இவங்களுக்கு நல்ல இடமாப் பாருங்க ராத்தா" என்றான். "மொதல்ல ரத்தத்தக் கேளுங்க."

"கேட்கிறேன் மகன். உங்களுக்கும் பார்க்கிறேன்."

"எனக்குக் கொஞ்ச நாள் போகட்டும்."

அவனுடைய ஹெல்மெட் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கி மழையில் நனைந்திருந்தது. நிஷ்மியா படியிறங்கிப் போய் அதை எடுத்தாள். சால்வை நுனியால் உட்புறத்தைத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டவில்லை.

ராத்தா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். "என்ட செருப்ப எங்க விட்டேன்?" என்று முணுமுணுத்தபடி, வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடத் தொடங்கினார். அவருடைய செருப்பு அவர் காலில்தான் இருந்தது.